மடவைக் குடல்

பதினேழு நாள் கழித்துக் கடலைப் புண்ணாக்கு வந்து இறங்கிய புதன்கிழமை, மீன் பாத்திக் கரையில் நின்ற எல்லோருக்கும் முகம் மலர்ந்திருந்தது. அந்தோணியம்மாள் ஒருத்திதான் ஏசிக்கொண்டு நின்றாள்.

"ஒரு கை போதும். ஊறப்போட்டுக் கரைச்சு, ஒரே ஒரு கை. மிச்சத்தக் கொட்டாயில வச்சுப் பூட்டுங்க. சாவிய என் கையில தாங்க."

"ஒன் கையிலயா?" சூப்பர்வைசர் ஜெயசிங் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ஏழு மூடை வந்திருக்கு. உள்ள பத்தாயிரம் மீன் கெடக்கு. ஒரு கைப் புண்ணாக்க எந்த மீனுக்குப் பிச்சுக் குடுப்ப?"

உப்புக் கடகத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்த செல்லக்கனி சிரித்தாள். "ஏக்கா, மீனுக்கும் தவக்காலமா? ஒங்க சாமி அதுகளையும் ஒருசந்தியில வச்சிருக்காரா?"

"நீ ஒன் சோலியப் பாருளா. இங்கன சிரிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

நாற்பத்து நாலாம் வருசத்துப் பங்குனி அது. தூத்துக்குடிக்கு வடக்கே, வீரபாகு அண்ணாச்சியின் அளத்தில் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. சண்டை வந்து பட்டாளத்துக் கேம்ப்புக்கு மீன் வேண்டும் என்றானபோது, அண்ணாச்சி கடல் தண்ணீர் தேக்கும் பெரிய பாத்தியை மீன் பாத்தியாக மாற்றினார். மதகுப் பலகையைத் தூக்கினால், கடல் பொங்கும் ஏற்ற நேரத்தில் தண்ணீர் உள்ளே வரும். தண்ணீரோடு விரல் நீள மடவைக் குஞ்சுகளும் வரும். பலகையை இறக்கிவிட்டால் அவை அங்கேயே வளரும். பாத்திக்குக் காவலும் தீனிப் பொறுப்பும் ஹென்றிக்கு. கரையிலிருந்த ஓலைவீடும் அந்த வேலையோடு வந்ததுதான். மீனுக்கு ஒன்று என்றால் முதல் கேள்வி ஹென்றியிடம் வரும் என்பது அவன் பெண்சாதி அந்தோணியம்மாளுக்குத் தெரியும்.

அவள் பேசிப் பயனில்லை என்று கண்டு, ஓர் ஓரத்து மடவையைத் தூரி வலையில் கோரி எடுத்தாள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிறு பெண்ணாகச் சிப்பி திறந்து பழகிய கை. அரிவாள்மணையில் வைத்து ஒரே இழுப்பில் வயிற்றைக் கீறினாள்.

"பாருங்கய்யா. நீங்க படிச்சவுக. இத வாசிங்க."

மடவை சேற்றையும் பாசியையும் தின்கிற மீன். பல்லில்லை. அதனால் கோழிக்கு இருப்பதுபோல அதற்கு வயிற்றுக்குள் ஒரு அரைவை உண்டு. கெட்டியான சதைக் குமிழ் அது. மணலோடு சேர்த்துத் தின்றதை அங்கே அரைத்துக் குடலுக்குத் தள்ளும். குடலோ மீனைப்போல மூன்று நாலு மடங்கு நீளம். கயிற்றைச் சுருட்டி வைத்த மாதிரி வயிறு முழுக்கச் சுருண்டு கிடக்கும். நல்லாத் தின்கிற மடவையின் குடலைப் பிளந்து பார்த்தால், உள்ளே சேலைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். தீனியின் சத்து அந்த மடிப்புகளில்தான் இறங்கும். செரிக்க வைக்கிற நீரும் அங்கேதான் ஊறும்.

அந்தோணியம்மாளின் விரலில் தொங்கிய குடல் நூலாக இருந்தது. நகத்தால் பிளந்தாள். கொசுவம் இல்லை. வழவழவென்று, நனைந்த காகிதம் மாதிரி. ஈரல் சுருங்கிக் கிடந்தது. பித்தப்பை மட்டும் கரும்பச்சையாக உப்பி நின்றது. தீனி வந்தால்தான் பித்தம் இறங்கும். தீனியே வராததால் அது இறங்க வழியில்லாமல் தேங்கிவிட்டது.

"மழைக்கு அளத்த மூடுதோம்லா? பாத்தியெல்லாம் கொழகொழன்னு போயிருதுல்லா? தையில திரும்ப வேல தொடங்கும்போது என்ன செய்யுதீக? எடுத்த எடுப்புல தண்ணிய நெறைச்சு விடுதீகளா? முதல்ல மிதிக்கச் சொல்லுதீக. பத்து நாளு, பதினஞ்சு நாளு, எங்க பொம்பளையளு காலு வீங்க மிதிக்காளுவ. தரை இறுகினப் பெறவுதான தண்ணி விடுதீக? அதே மாதிரிதான் இதுவும். பட்டினி கெடந்தா ஒடம்பு முதல்ல இந்தக் கொடலத்தான் திங்கும். வேல இல்லாத ஆளுக்கு எதுக்குக் கூலின்னு கழிச்சுரும். இப்ப இதுக்குள்ள அரைக்க ஆளும் இல்ல, கரைக்கத் தண்ணியும் இல்ல. நீங்க மூடைய அவுத்துக் கொட்டுனா எங்க போகும்?"

அவள் சொன்னதில் தப்பே கிடையாது. மீன் குளிர்ந்த ரத்தம் உள்ள உயிர். மனுசனைப்போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அதற்குத் தீனி செலவாவதில்லை. வளர்ந்த மடவை ஒரு மாதம் பட்டினி கிடந்தாலும் மெலியும், சாகாது. முதல் நாள் துளி, மறுநாள் இரண்டு துளி என்று கொடுத்தால் ஏழெட்டு நாளில் மடிப்புகள் திரும்ப எழும், நீர் ஊறும், விட்டுப்போன சதையையும் வேகமாகப் பிடித்துவிடும். முந்திய ஐப்பசி மழையில் எட்டு நாள் தீனி போட முடியாமல் போனபோது, அவள் அப்படித்தான் கொடுத்தாள். ஒரு மீன் சாகவில்லை.

ஜெயசிங் குடலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்க்கவும் செய்தார். நாசரேத்தில் பள்ளிக்கூடம் படித்தவர். கெட்ட மனுசர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஆனால் சனிக்கிழமை கேம்ப்பிலிருந்து ஆபீசர் மீன் பார்க்க வருகிறார். மீனுக்குத் தலைதான் இருந்தது, உடம்பு இல்லை.

"பசிச்ச உசுருக்குத் தீனி போடாதன்னு சொல்லுத ஒரே பொம்பள நீதான். எனக்கே அதுகளப் பாத்தா பாவமாயிருக்கு."

"பதினேழு நாளு வராத பாவம், ஆபீசர் வாராருன்னதும் வந்துட்டோ?"

ஜெயசிங் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மூடைப் பக்கம் திரும்பினார்.

"தீனி இல்லாமக் கெடந்தது மொதலாளிக்குத் தெரியுமாய்யா?" என்று அவள் விடாமல் கேட்டாள்.

புண்ணாக்கு அப்போது கண்ட்ரோல் சரக்கு. பெர்மிட்டு இல்லாமல் ஒரு மூடை நகராது. பெர்மிட்டுக்கு எழுதிப்போட வேண்டிய தேதியை ஜெயசிங் மறந்துவிட்டார். அது அளத்தில் எல்லோருக்கும் தெரியும், திருச்செந்தூர் ரோட்டுப் பங்களாவிலிருந்த அண்ணாச்சியைத் தவிர.

"ஏலே ஹென்றி," என்றார் ஜெயசிங், அவளைப் பார்க்காமல். "இன்னைக்கு நாலு மூடை. நாளைக்கு மூணு. அவுத்துக் கொட்டு."

ஹென்றி பெண்சாதியைப் பார்த்தான். பிறகு மூடையின் சணலை அவிழ்த்தான்.

புண்ணாக்கு விழுந்த இடத்தில் தண்ணீர் கொதித்தது. பெரிய மடவைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தன. வேலையாட்கள் கைதட்டினார்கள். "என்னா தீனி தின்னுதுவ பாருலே!" தென்காற்று மிதந்த தூளை வடகரைக்கு ஒதுக்கியது. பெரியதெல்லாம் அங்கே முண்டின. இடித்துத் தள்ளப்பட்ட சின்ன மீன்கள் தென்மூலையில் மதகு ஓரமாய் ஒதுங்கி நின்றன.

மத்தியானம் ஹென்றி சாப்பிட வந்தபோது குசினியில் கஞ்சியும் சுட்ட சாளைக் கருவாடும் இருந்தன. அவள் சட்டியை அவன் முன்னால் வைத்த சத்தத்தில் பூனை வெளியே ஓடியது.

"நான் என்னத்தச் செய்ய?" என்றான் ஹென்றி. "சூப்பர்வைசர் சொல்லுதாரு. மாட்டம்னு சொன்னா நாளைக்கு இந்த ஓலைக்கு அடியில இருக்க முடியுமா?"

"மீன் செத்தா மட்டும் இருக்க முடியுமோ?"

"சாகாதுளா. நல்லாத்தான் தின்னுச்சு."

"நல்லாத்தான் தின்னான் ரோச்சும்."

ஹென்றி கருவாட்டைக் கீழே வைத்தான். அந்தப் பெயரை அந்த வீட்டில் இரண்டு வருசமாக யாரும் சாப்பாட்டு வேளையில் சொன்னதில்லை.

ரோச் அவளுடைய ஒரே தம்பி. ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தவன். குண்டு விழுந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகக் காட்டு வழியே நடந்தான். நாற்பத்திரண்டில், பெரிய சனிக்கிழமை சாயங்காலம், தூத்துக்குடி ஸ்டேசனிலிருந்து நடந்து வீட்டு வாசலில் வந்து நின்றான். அந்தோணியம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை. "அக்கா" என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. மறுநாள் பாஸ்கு. நாற்பது நாள் ஒருசந்தி முடிந்து வயிறார உண்கிற நாள். தெருவே ஆட்டுக்கறி மணத்தது. அவளும் காதுக் கம்மலை அடகு வைத்துக் கறி வாங்கினாள். நெய்ச்சோறு. அவன் தின்றான். "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்றான். போட்டாள். மூன்று தடவை போட்டாள். தின்னத் தின்ன அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்றைக்கே வயிறு கல்லாக உப்பியது. மறுநாள் கால் வீங்கியது, மூச்சு இழுத்தது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் திட்டவில்லை. "கஞ்சித் தண்ணிய ஸ்பூன் ஸ்பூனாக் குடுத்திருக்கணும்மா. பட்டினி கெடந்த ஒடம்பு சோத்தத் தாங்காது" என்று மட்டும் சொன்னார். அதற்கு முன்னாலும் அவள் ஆயிரம் மீன் அறுத்திருக்கிறாள். வறண்ட குடலையும் பார்த்திருக்கிறாள். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. பட்டினி தம்பியைக் கொல்லவில்லை. அசாம் காடு கொல்லவில்லை. இந்தக் கை கொன்றது.

"அப்ப எனக்குத் தெரியாது," என்றாள் அவள். "இப்பத் தெரியும். தெரிஞ்சும் கரையில நின்னு பாக்க வச்சுட்டீகளே, பாவியளா."

வியாழக்கிழமை மூன்று மூடையும் விழுந்தன. அன்றைக்கு மீன்கள் முதல் நாளைப்போலப் பாயவில்லை. மெதுவாக வந்து வாயால் தொட்டுவிட்டு நகர்ந்தன. தீனியில் பாதி அடியில் போய்ப் படிந்தது. சாயங்காலம் வடகரைத் தண்ணீரில் புளித்த வாடை எழுந்தது.

"திகட்டிப் போச்சு. அவ்வளவுதான்," என்றார் ஜெயசிங்.

வெள்ளிக்கிழமை விடியும்போது பாத்தி வெள்ளையாக இருந்தது. உப்புப் பூத்திருக்கிறது என்று செல்லக்கனி முதலில் நினைத்தாளாம். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் மீனின் வயிறு. வடகரை முழுக்க மடவை மல்லாந்து மிதந்தது. செரிக்காமல் வயிற்றில் புளித்தது பாதி, அடியில் அழுகிய தீனி தண்ணீரிலிருந்த காற்றை உறிஞ்சியது பாதி. சாகாதது மேல்தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு அண்ணாச்சியின் குதிரைவண்டி வந்தது. வெள்ளை வேட்டி, கையில் பிரம்பு. அவர் ஒரு செத்த மீனைப் பிரம்பால் புரட்டினார்.

"ஏன்வே ஜெயசிங், இது மீனா, சீப்பா? முதுகுல எலும்பு துருத்திக்கிட்டு நிக்கி. இத்தன நாளு தீனி போட்டீரா, போடலயா?"

ஜெயசிங்கின் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று அவருக்கே அதுவரை தெரிந்திருக்காது.

"தீனி... தீனி ஹென்றி பொறுப்புல இருந்தது, மொதலாளி. அவன் போட்டானோ, இல்ல வெளிய வித்தானோ..."

"கண்ட்ரோல் சரக்க வித்தானா?" அண்ணாச்சி திரும்பினார். "ஏலே, புண்ணாக்க வித்துத் தின்னுட்டு மீனப் பட்டினி போட்டா கொன்ன? ரெண்டு வருசம் உள்ள போவ, தெரியுமா? வண்டிய விடு, போலீசக் கூட்டியா."

ஹென்றி இடுப்பளவு தண்ணீரில் கையில் இரண்டு செத்த மீனோடு நின்றான். வண்டிக்காரன் கடிவாளத்தைப் பிடித்தான்.

"நிறுத்துலே வண்டிய!"

அரிவாள்மணையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அந்தோணியம்மாள் கரையில் ஓடிவந்தாள். அவளைப் பார்த்த வேகத்தில் குதிரை பின்வாங்கியது. அண்ணாச்சியின் காலடியில் மணையைப் போட்டு, குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க கையால மீன எடுத்துத் தாங்க. நான் எடுத்தா பொறுக்கி எடுத்தாம்பீக. நீங்களே எடுங்க."

"என்னளா இது?"

"எடுங்க!"

எதற்கென்று தெரியாமலே அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். அவள் கீறினாள். கீறுவதற்கு முன்பே வயிறு வெடித்தது. மஞ்சள் புண்ணாக்கு, மூடையில் இருந்த அதே நிறத்தில், அதே தோல் சில்லுகளோடு, கட்டி கட்டியாக அவர் செருப்பில் விழுந்தது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு."

இன்னொன்று. அதிலும் அதே. மூன்று. ஐந்து. எட்டாவதை அவர் எடுத்துக் கொடுக்கும்போது அவர் கை தயங்கியது.

"பட்டினியில செத்த மீனுக்கு வயிறு இப்பிடி இருக்குமா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. வித்த புண்ணாக்கு இதுக்குள்ள எப்பிடி நீந்தி வந்துச்சு?" கட்டியை விரலால் உடைத்தாள். நடுவில் இன்னும் நனையாமல் இருந்தது. "ரெண்டு நாளு வயித்துல கெடந்திருக்கு. ஒரு பொட்டு கரையல. வாயி வழியா எப்பிடிப் போச்சோ அப்பிடியே இருக்கு. இந்தக் கொடலப் பாருங்க, கிழிஞ்ச துணி கணக்கா. பதினேழு நாளு ஒண்ணும் இல்லாமக் கெடந்த கொடலு இது. அதுக்குள்ள ஏழு மூடைய இடிச்சு எறக்கச் சொன்னது யாருன்னு கேளுங்க. என்கிட்டக் கேக்காதீக. அங்கன நிக்காரு, அவருட்டக் கேளுங்க."

"பதினேழு நாளா?" அண்ணாச்சி ஜெயசிங்கைப் பார்த்தார்.

ஜெயசிங் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கடகத்தைக் கீழே வைத்துவிட்டுச் செல்லக்கனி முன்னால் வந்தாள். "ஆமா அண்ணாச்சி. வண்டி வந்தது புதன்கிழமைதான். பெர்மிட்டுக்கு எழுத மறந்துட்டாருன்னு அளத்துல அத்தன பேருக்கும் தெரியும். ஒங்ககிட்ட யாரும் சொல்லல. எங்ககிட்ட யாரும் கேக்கவும் இல்ல. அக்கா அன்னைக்கே ஒரு கை போதும்னு தொண்ட கிழியக் கத்துனா. நாங்க சிரிச்சோம்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் அந்தோணியம்மாளைப் பார்க்கவில்லை.

"பசிக்குதேன்னு பாவப்பட்டுத்தான் மொதலாளி போடச் சொன்னேன்," என்றார் ஜெயசிங். அதில் பாதி நிஜம். அந்தப் பாதியால்தான் அந்தோணியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணாச்சி செருப்பிலிருந்த புண்ணாக்கைக் கரையில் தேய்த்தார். சட்டென்று விட்டுக்கொடுக்கிற மனுசர் இல்லை அவர். "அப்ப கொட்டுன கை ஒம் புருசன் கைதான?"

"அவுக கைதான். இல்லன்னு சொல்லல." அவள் எழுந்து, மீன்ரத்தம் வழிந்த தன் வலது கையை அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். "இந்தக் கையும் ஒருத்தனுக்கு ஆசையாசையாச் சோறு போட்டுக் கொன்ன கைதான். அதுக்காக நான் தெனமும் எரிஞ்சிக்கிட்டுதான் கெடக்கேன். அதுக்காவது ஒரு தெரியாத்தனம் உண்டு. முந்தாநாளே நான் அறுத்துக் காட்டுனேன் அண்ணாச்சி. கொடலப் பிளந்து காட்டுனேன். பாத்துட்டுக் கொட்டச் சொன்னாரு. இப்பச் செயிலுக்கு எம் புருசனா?"

குதிரை மூக்கைச் சிந்தியது.

"போலீசு வேண்டாம்," என்றார் அண்ணாச்சி கடைசியில். வண்டிக்காரன் கடிவாளத்தை விட்டான். தண்ணீருக்குள் நின்ற ஹென்றி கையிலிருந்த இரண்டு மீனையும் கரையில் எறிந்தான். ஜெயசிங்கைப் பார்த்து, "நீரு இறங்கி செத்தத அள்ளும்" என்றார் அண்ணாச்சி. ஜெயசிங் செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை மடிக்காமலே இறங்கினார்.

"செத்தத உப்புப் போட்டுருளா," என்றார் அண்ணாச்சி போகிற போக்கில். "கருவாடாக் கேம்ப்பு கூலியாளுக்குப் போகும்."

"வயித்துக்குள்ள புளிச்சு வெடிச்ச மீன எவனும் திங்கக் குடுக்க மாட்டேன். அதுக்கு வேற ஆளப் பாருங்க. இல்ல, குழி வெட்டச் சொல்லுங்க."

அவர் பிரம்பைப் பார்த்தார், அவளுடைய அரிவாள்மணையைப் பார்த்தார். "குழி வெட்டுங்கலே" என்றார். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "தென்மூலையில கொஞ்சம் உசுரோட நிக்கி. அத எப்பிடிக் காப்பாத்த?"

"ஏத்தம் வந்ததும் மதகத் தூக்கணும். புதுத் தண்ணி வரணும், கடல் வத்தும்போது பழைய தண்ணி போவணும். இன்னைக்குத் தீனி கெடையாது. நாளைக்கும் கெடையாது."

"ஆபீசர் வாராரே நாளைக்கு?"

"அவரு பாக்கட்டும். மெலிஞ்சிருக்கும். உசுரோட இருக்கும்."

"திரும்பவும் பட்டினியா போடுவ?"

"ஆமா. நான் சொல்லுத வரைக்கும்."

அவர் வண்டியேறப் போனார். கொட்டாய்ச் சாவியை ஜெயசிங்கிடமிருந்து வாங்கி, அவளுக்குக் கொடுக்காமல், அவள் எடுத்துக்கொள்ளும்படி காலிச் சாக்குமேல் வைத்துவிட்டுப் போனார்.

பதினோரு மணி ஏற்றத்துக்கு ஹென்றி மதகுப் பலகையைத் தூக்கினான். கடல் சலசலத்து உள்ளே வந்தது. வடகரையில் ஜெயசிங் கூடை கூடையாகச் செத்த மீனை அள்ளிக் கரையேற்றிக்கொண்டிருந்தார். அந்தோணியம்மாள் தென்மூலைக்கு வந்து நின்றாள். புதன்கிழமையிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கண் இருட்டியது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

அவள் நிழல் தண்ணீரில் விழுந்ததும் சின்ன மடவைகள் ஓடிவந்தன. அதுகளுக்கு அவள் நிழலென்றால் தீனி. நூறு, இருநூறு, முந்நூறு வாய்கள் ஒரே நேரத்தில் மேலே எழும்பித் திறந்தன. திறந்து மூடின. மறுபடி திறந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.

அவள் நகத்திடுக்கில் புண்ணாக்குத் தூள் ஒட்டியிருந்தது. அவள் கையை இறுக மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"போங்கலே," என்று கத்தினாள். "வாயப் பொத்திக்கிட்டுப் போங்கலே! தர மாட்டேன். இன்னைக்கு நான் தர மாட்டேன்."

மீன்கள் போகவில்லை. அவளும் நகரவில்லை.